ஊசி போடக்கூடாத காய்ச்சல்

அத்தியாயம் 11

வெள்ளிக்கிழமை என்றாலே சாரதாமணிக்கு எரிச்சல் வரத் தொடங்கிப் பல வாரங்களாகிவிட்டன.

முருகன் படத்துக்குப் பூ வைத்துக் கும்பிட்டு முடிப்பதற்குள் கம்பவுண்டர் அங்கமுத்துவின் மொபெட் சத்தம் வாசலில் கேட்கும். அவர் வந்துபோனால் அத்தை நல்லம்மாளுக்குக் குளிர் வரும். குளிர் விட்டால் காய்ச்சல் ஏறும். காய்ச்சலுக்கு அங்கமுத்துவே திரும்பி வந்து ஒரு ஊசி போடுவார். சனிக்கிழமை அத்தை எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்பாள். வீட்டில் எல்லோரும் அதோடு மறந்துவிடுவார்கள், சாரதாமணியைத் தவிர.

அத்தைக்கு இடது மார்பில் கட்டி வந்ததும், அதை எடுத்ததும், கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டிருப்பதும் நமக்குத் தெரியும். இடது பக்கம் அறுவை நடந்ததால் அந்தக் கையில் ஊசியே குத்தக்கூடாது. மிச்சமிருந்தது வலது கை. அதில் ஏற்றிய சிவப்பு மருந்து ஒருமுறை நரம்புக்கு வெளியே கசிந்தது. புறங்கை வெந்து, தோல் உரிந்து, புண் ஆறவே மாதக்கணக்கானது. மற்ற நரம்புகளும் ஒவ்வொன்றாகக் கயிறு மாதிரி இறுகிப்போயின. மருந்து நாள் வந்தால் வேனில் ஏறும்போதே அத்தை அழுவாள்.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா வலது தோளுக்குக் கீழே, தோலுக்கு அடியில், அந்தச் சின்ன வட்டத்தை வைத்தார். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உள்ளே பெரிய ரத்தக்குழாய் வரை போகிறது. மேலே தோலோடு சேர்த்துக் குத்தினால் போதும், மருந்து நேராக உள்ளே இறங்கிவிடும். ஆஸ்பத்திரியில் அதைப் போர்ட் என்றார்கள். நல்லம்மாள் பொத்தான் என்றாள். பொத்தான் வந்த பிறகு அவள் மருந்து நாளன்று அழுததில்லை.

ஒருநாள் அந்தப் பொத்தான் அடைத்துக்கொண்டது. நர்ஸ் கொஞ்ச நேரம் போராடித் திறந்துவிட்டு, "கழுவாம விட்டா அடைச்சுக்கும். மருந்து தள்ளிப்போனா மாசம் ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்து கழுவிட்டுப் போங்க. வெளியில யாரும் தொடக்கூடாது" என்றாள்.

அதில் முதல் பாதி மட்டும்தான் மாமா ரத்தினசாமியின் காதில் ஏறியது.

அவர் வீட்டையொட்டி, பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மெஷின் போட்டிருப்பவர். அப்பா காலத்துத் தறியை விட்டுவிட்டு மெஷினுக்கு வந்த நாளிலிருந்து, வாரம் தவறாமல் மெஷினை நிறுத்தி, பஞ்சை ஊதித் தள்ளி, எண்ணெய் போடுகிறவர். போடாவிட்டால் ஊசி ஒடியும், துணி முழுக்கக் கோடு விழும்.

"மெசினுக்கே வாரம் ஒருக்கா. மனுசிக்கு மாசம் ஒருக்காவா?" என்று கேட்டார்.

அதோடு, திருப்பூரில் எந்த வேலையையும் வெளியே கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். மெஷினில் துணி ஓட்டுவது ஒரு இடம், சாயம் ஒரு இடம், வெட்டுவது ஒரு இடம், தைப்பது இன்னொரு இடம். மாமா பொத்தானைக் கழுவுவதையும் அப்படி ஜாப் ஒர்க் கொடுத்துவிட்டார். கோயமுத்தூர் டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவார் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

போன வாரம் டாக்டரம்மா கறாராகச் சொல்லியனுப்பியிருந்தார். அடுத்த தடவை குளிர் வந்தால் மாத்திரையும் கூடாது, ஊசியும் கூடாது. அப்படியே கூட்டிக்கொண்டு வரவேண்டும். நடுங்கும்போதே போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் ரத்தம் எடுத்து, கிருமி வளருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் யாரோ முந்திக்கொண்டு ஊசி போட்டுவிடுகிறீர்கள், பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை. காரணம் தெரியாமல் ஐந்தாவது தவணை மருந்தைப் போட முடியாது. ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. இனியும் தள்ளினால் வியாதிக்குத்தான் நாம் நேரம் கொடுக்கிறோம்.

"கிருமி போர்ட்ல குடியிருந்தா அதை எடுத்துத்தான் ஆகணும்" என்றும் சொல்லியிருந்தார்.

மாமாவும் அத்தையும் பக்கத்தில் உட்கார்ந்துதான் கேட்டார்கள்.

இன்று காலை மொபெட் சத்தம் கேட்டதும் சாரதாமணி ஈரக்கையோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

"மாமா, இன்னிக்கு வேண்டாமுங்க. மாசம் ஒருக்கா, அதுவும் ஆஸ்பத்திரியிலதான்னு சொன்னாங்கல்ல."

"அவங்க அங்க உக்காந்துட்டுச் சொல்லுவாங்க. அடைச்சுப்போட்டா யாரு ஓடறது?"

"வெள்ளிக்கிழமைதானுங்க குளிர் வருது. இவரு வந்துட்டுப் போன பொறவுதான் வருது."

அங்கமுத்து மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர். தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் டாக்டர்.

"ஏனுங் அம்மிணி, நான் என்ன கோயல் பூசாரியா, நான் வந்தா ஆத்தாளுக்கு அருள் வர்றதுக்கு?"

மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பேச்சு முடிந்துவிட்டது. போன தடவை வந்தது டைபாய்டு என்றார்கள். அதற்கு முந்தையது மலேரியா. அதற்கும் முன்னால் சாயத்தண்ணி நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒவ்வொரு பேர் இருந்தது. வெள்ளிக்கிழமை என்ற பேரைச் சொன்னால் மட்டும் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது.

மாமா மெஷின் ஓடுகிற பக்கம் போனார். அங்கமுத்து உரிமையோடு ஃபிரிட்ஜைத் திறந்து, தேங்காய் மூடிக்குப் பக்கத்தில் இருந்த, பொத்தானைக் கழுவுகிற சலைன் பாட்டிலை எடுத்தார். தீருகிறவரை அதே பாட்டில்தான்.

"கண்ணு" என்றாள் கட்டிலில் இருந்த நல்லம்மாள். "கம்பவுண்டருக்கு ஒரு காப்பி வெச்சுட்டு வா. பாவம், வெறும் வயித்தோட வந்திருக்காரு."

சாரதாமணி அடுப்படிக்குப் போனாள். பாத்திரத்தை வைத்த வேகத்தில் பால் அடுப்பில் தெறித்தது. வரட்டும், இன்றைக்கும் குளிர் வரட்டும், அப்போது பார்க்கிறேன் என்று ஒரு கணம் நினைத்தாள். நினைத்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். படுத்திருப்பவள் அப்பாவோடு கூடப் பிறந்தவள். பெண் கேட்டு வந்தபோது, இவள் படிப்பை நிறுத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவள்.

காப்பியோடு வந்தபோது எல்லாம் முடிந்து அங்கமுத்து பையை மூடிக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகு, துணி துவைத்துக்கொண்டிருந்த சாரதாமணிக்குக் கட்டில் சத்தம்தான் முதலில் கேட்டது. இரும்புக் கட்டிலின் கால்கள் தரையில் தடதடவென்று அடித்தன. பக்கத்தில் ஓடிய மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

உள்ளே ஓடினாள். நல்லம்மாள் முழங்காலை வயிற்றோடு மடக்கிக் கிடந்தாள். பல் கிட்டியிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. கம்பளியை எடுத்துப் போர்த்தினாள், அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் மாமாவின் சால்வை. எல்லாம் சேர்ந்து ஆடின.

மாத்திரை டப்பா அலமாரியில் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். திரும்பிப் போய் ஃபோனை எடுத்தாள்.

அருள்புரத்தில் கணவன் குமாரவேலின் தையல் யூனிட்டில் யாரோ எடுத்து, யாரையோ கூப்பிட்டு, அவன் வந்து பேசுவதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

"ஏனுங்க, அத்தைக்குக் குளிர் வந்துருச்சு. வேனை எடுத்துட்டு வாங்க. கோயமுத்தூர் போகோணும்."

"இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன் சாரதா. சரக்கு வாங்கற பையரோட ஆளு டேபிள்ல உக்காந்து ஒவ்வொரு பீசா விரிச்சுப் பாத்துட்டிருக்கான். சித்த நேரம் பொறு."

"அந்தப் பீஸ் எங்கயும் ஓடிப்போயிராதுங்க."

"ஒரு மாத்திரையக் குடுத்துப் படுக்க வை. நான் மத்தியானமா..."

"மாத்திரையே குடுக்கக்கூடாதுன்னு இந்த ஊட்டுல நான் எத்தனை பேருக்குங்க சொல்றது?"

பிறகு, "வேன்ல அட்டைப்பெட்டி ஏத்தியிருக்குது" என்றான்.

"எறக்குங்க."

ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமா நின்றிருந்தார். கையெல்லாம் மெஷின் எண்ணெய். மனைவியைப் பார்த்தார். அந்தக் கையாலேயே அவள் கன்னத்தைத் தொடப் போய், எண்ணெய் என்று ஞாபகம் வந்து, கையை இழுத்துக்கொண்டார்.

"அங்கமுத்தக் கூப்புடு."

"வேண்டாமுங்க மாமா."

"நடுக்கம் நிக்கட்டும். ஒரு ஊசி போட்டுட்டு, பொறவு எங்க வேணாலும் போலாம்."

"ஊசி போட்டா இன்னிக்கும் ஒண்ணும் தெரியாதுங்க. போயிட்டுச் சும்மா திரும்பி வரோணும். அஞ்சாவது மருந்து மறுக்கா தள்ளிப்போகும்."

"அதுக்குன்னு இவ இப்பிடிக் கெடக்கறதப் பாத்துட்டு நிக்கச் சொல்றியா?"

"வேன் வருதுங்க."

"என்ர கண்ணு முன்னாடி துடிக்கறா. நீ வேன் வருதுங்கறே."

வாசலில் நிழலாடியது. மெஷினில் நூல் மாட்டும் முத்தாத்தாள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நின்றவளிடம் திரும்பினாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியவளின் மெதுவு அது.

"ஊசி போட உடமாட்டீங்கறாளாமா மருமவ."

சாரதாமணி கேட்காத மாதிரி சால்வையை இழுத்துவிட்டாள். மாமாவே ஃபோனை எடுத்து எண்ணைச் சுற்றத் தொடங்கினார். அவள் குறுக்கே போய் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் முன்னால் அவள் அப்படி நின்றதில்லை.

ரத்தினசாமியின் குரல் தாழ்ந்தது. அவர் கத்தாமல் பேசினால்தான் பயம்.

"உன்ர அம்மாவா இருந்தா இப்பிடித்தான் நிப்பியா அம்மிணி?"

அவள் நகரவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது. பல்லும் பல்லும் மோதுகிற சத்தத்துக்கு நடுவில், வார்த்தை வார்த்தையாக.

"வேண்டாமுங்க... ஊசி வேண்டாம்... அவ சொல்றாப்பலயே... கோயமுத்தூருக்கே போயிரலாம்."

மாமா ஃபோனை வைத்தார். சாரதாமணி கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் எதிரில் அத்தை அவள் பக்கம் பேசியது இதுதான் முதல்முறை. பொங்கி வந்த கண்ணீரை யாரும் பார்ப்பதற்குள் முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

வேன் வந்தது. பின்னால் இன்னும் இரண்டு அட்டைப்பெட்டி இருந்தது. இறக்க நேரமில்லை என்று அவற்றின்மீதே தலையணையைச் சாய்த்து நல்லம்மாளைப் படுக்க வைத்தார்கள். மாமா முன்னால் ஏறினார்.

பல்லடம் ரோட்டில் அருள்புரம் வந்ததும் யூனிட் வாசலில் நின்ற மேனேஜர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். குமாரவேல் வேகத்தைக் குறைத்தான்.

"நிறுத்தாதீங்க" என்றாள் சாரதாமணி.

"ஒரே நிமிசம்."

நிறுத்தினான். இறங்கி உள்ளே போனான். அந்த ஒரு நிமிஷம் வளர்ந்துகொண்டே போனது. மாமா கண்ணாடி வழியே நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தையின் நடுக்கம் குறையத் தொடங்கி உடம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. நடுங்கும்போதே கூட்டிவரச் சொன்னார்கள். நடுக்கம் இவர்களுக்காகக் காத்திருக்குமா?

சாரதாமணி முன்சீட்டுக்கு மேலே எக்கி, ஸ்டியரிங்குக்குக் கையை நீட்டி, ஹாரனை அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவில்லை. தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்று ஜன்னலில் தலைகள் முளைத்தன. குமாரவேல் முகம் சிவந்து ஓடி வந்தான்.

"என்னடி பண்றே, மானத்த வாங்கறே."

"வண்டிய எடுங்க."

எடுத்தான். கொஞ்ச தூரம் போன பிறகு தனக்குத்தானே சொல்கிற மாதிரி சொன்னான். "மொத்த லாட்டையும் திருப்பி செக்கிங் போடச் சொல்லிட்டான். எங்கயோ ஒரு பீஸ்ல எண்ணெய்க் கறை. கப்பல் போயிரும்."

அவனுக்கும் இன்று எதுவும் நேராக நடக்கவில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தாலும் எரிச்சல் இறங்கவில்லை. வேன் சூலூரைத் தாண்டியது.

ஆஸ்பத்திரியில் நல்லவேளையாக உடனே எடுத்துக்கொண்டார்கள். நர்ஸ் பொத்தானின் மேலே மருந்தால் துடைத்து, ஊசியைக் குத்தினாள். ரத்தம் சுலபமாக வந்தது. சின்ன பாட்டிலில் இறக்கி எடுத்து வைத்தாள்.

பிறகு வலது கையைப் பிடித்தாள்.

நல்லம்மாளின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது.

"ஏஞ் சிஸ்டர், பொத்தான்ல எடுத்துட்டீங்கல்ல. அது போதாதுங்களா?" என்றாள் திரும்பாமலே.

"ரெண்டையும் வெச்சுப் பாத்தாத்தான்மா கிருமி எங்க இருக்குன்னு தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கங்க."

ரப்பர் பட்டையைக் கட்டினாள். தட்டினாள். தடவினாள். குத்தினாள், ரத்தம் வரவில்லை. உள்ளேயே ஊசியைத் திருப்பிப் பார்த்தாள். நல்லம்மாள் சத்தம் போடவில்லை. கால் விரல்கள் மட்டும் மடங்கின. வேறு இடம். வேறு இடம். இன்னொரு நர்ஸை அழைத்தார்கள். அவள் வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தாள். சொட்டுச் சொட்டாகப் பாட்டிலுக்குத் தேவையான அளவு சேர்ந்ததும் அது உடைந்து, அந்த இடம் நீலமாக வீங்கியது.

அவ்வளவு நேரமும் மாமா கதவுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

நர்ஸுகள் போன பிறகு சாரதாமணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள். ரத்தம் பரிசோதனைக்குப் போய்விட்டது. ஊசி போடாத ரத்தம். இனி என்னவென்று தெரிந்துவிடும்.

நல்லம்மாள் கண்ணைத் திறந்தாள். காய்ச்சலிலும் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"நெம்பப் பாடுபட்டுட்டே கண்ணு."

"பரவால்லீங் அத்தை. மாமாகிட்ட நீங்க சொன்னதுதான் பெருசு."

"இன்னிக்கும் ஒண்ணும் வராது, பாரு."

"எது வராதுங்?"

"ரத்தத்துல. கிருமி கிருமின்னு சொல்றாங்கல்ல. ஒண்ணும் வராது. பொத்தானும் எங்கயும் போகாது."

சாரதாமணி அவளையே பார்த்தாள்.

"எப்பிடிங் அத்தை சொல்றீங்க?"

நல்லம்மாள் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நீ காப்பி வெக்கப் போனே பாரு, அப்பவே அங்கமுத்துகிட்டச் சொல்லி, அந்தக் காய்ச்சல் ஊசியையும் பொத்தான்லயே ஏத்திக்கிட்டேன். உங்க மாமனுக்கும் தெரியாது. நீ யார்கிட்டயும் சொல்லிராத சாமி."

சாரதாமணிக்கு எல்லாம் ஒன்றாகத் தோன்றின. முத்தாத்தாளின் பேச்சு. மாமா கேட்ட கேள்வி. யூனிட் ஜன்னலில் முளைத்த தலைகள். இந்தக் கையில் இவ்வளவு நேரம் குத்தித் தேடிய ஊசி.

"அப்பறம் எதுக்குங் அத்தை வேண்டாம்னீங்க? மாமா ஃபோன் பண்ணப் போறப்ப?"

"அதான் போட்டாச்சே, இன்னொண்ணு எதுக்கு?" என்றாள் நல்லம்மாள். அவளுக்கு அது நியாயமாகவே இருந்தது. "நீ சண்டை போட்டுட்டிருந்தே. எனக்கும் வந்து காட்டிட்டுப் போயிட்டாத் தேவலைன்னு பட்டுது. பாத்துட்டு ஒண்ணுமில்லேன்னு அனுப்பிருவாங்க. அவங்களும் உட்டுருவாங்க, நீயும் உட்டுருவே."

அதற்குள் கதவு திறந்தது. டாக்டரம்மா முன்னால் வந்தார். பின்னால் மாமாவும் குமாரவேலும்.

டாக்டரம்மா நாடி பார்த்தார், ரத்த அழுத்தம் பார்த்தார். முகம் சுருங்கியது.

"பிரஷர் கம்மியா இருக்கு. இன்னிக்கு ஊசி, மாத்திரை எதுவும் போடலையே?"

"இல்லீங் டாக்டரம்மா" என்றார் மாமா. குரலில் ஒரு பெருமைகூட இருந்தது. "என்ர மருமக பக்கத்துலயே உடலீங்க. என்னையே தடுத்துப்போட்டா."

"நல்லது. போன தடவைக்கு அப்பறம் போர்ட்ல யாராவது ஊசி குத்துனாங்களா?"

மாமாவின் பெருமை அப்படியே நின்றது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "இல்லீங்க" என்றார்.

நல்லம்மாள் போர்வைக்கு அடியிலிருந்து சாரதாமணியின் விரலைப் பிடித்து அழுத்தினாள். கை கொதித்தது.

சாரதாமணிக்குச் சத்தமாகப் பேசி வழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில்கூட ஆஜர் சொல்வதற்கு முன்னால் எச்சில் விழுங்குவாள். இப்போதும் விழுங்கினாள்.

"குத்தறாங்க டாக்டரம்மா. வாரா வாரம் வெள்ளிக்கிழமை. ஊட்டுக்குப் பக்கத்துல ஒரு கம்பவுண்டர் வந்து கழுவி உடறாருங்க. ஒரே பாட்டில்ல இருந்துதான் எடுக்கறாரு. தீர்ற வரைக்கும் ஃபிரிட்ஜில இருக்கும். அவரு வந்துட்டுப் போனாத்தான் குளிர் வருது." மூச்சு வாங்கியது. "இன்னிக்குக் காலையில காய்ச்சல் ஊசியும் அதுலயே போட்டிருக்காருங்க. எனக்கே இப்பத்தான் தெரியும்."

விரலைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

குமாரவேல் அப்பாவைப் பார்த்தான். மாமா தரையைப் பார்த்தார். டாக்டரம்மா கையிலிருந்த பேனாவை மூடி, திறந்து, மூடினார். கோபம் வந்தால் சிலர் கத்துவார்கள். அவர் சோர்ந்துபோன மாதிரி தெரிந்தார்.

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கு இவ்வளவு வாரமா?"

"அடைச்சுக்கும்னுதானுங்க..." என்றார் மாமா. "சுத்தமா இருக்கட்டும்னுதானுங்க பண்ணுனேன். மெசினுக்கு..."

"தெரியுதுங்க. நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணியிருக்கீங்க." டாக்டரம்மா நின்றபடியே சொன்னார். "தொறந்து வெச்ச பாட்டில்ல கிருமி சேரும், ஃபிரிட்ஜில வெச்சாலும் சேரும். அது குழாய்க்குள்ள போய் ஒட்டிக்கும். ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அங்க இருக்கறது நேரா ரத்தத்துக்குள்ள போகுது. அதான் குளிர். நீங்க போடற ஊசி ரத்தத்துல இருக்கறதைக் கொல்லும். குழாய்ல ஒட்டியிருக்கறது அப்படியே இருக்கும், அடுத்த வெள்ளிக்கிழமைக்கு."

டாக்டரம்மா மறுபடி நல்லம்மாளின் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"இப்ப எடுத்த ரத்தத்துல ஏதாவது வளருமான்னு தெரியாது. வளராமலும் போகலாம். அதுக்காக நான் காத்திருக்கப் போறதில்லை. பிரஷர் எறங்குது. இப்படியே விட்டா அடுத்த குளிர்ல நீங்க இங்க வந்து சேரவே நேரமிருக்காது. போர்ட்டை இன்னிக்கே எடுத்துரலாம்."

"எடுத்துட்டா?" என்றான் குமாரவேல்.

"ரெண்டு வாரமாவது கையில மருந்து ஏத்தணும். கிருமி சுத்தமாப் போன பிறகு புதுசா ஒண்ணு வைக்கறதைப் பத்திப் பாக்கலாம். அப்பறம்தான் அஞ்சாவது மருந்து."

"கையிலயா?" என்றாள் நல்லம்மாள்.

"வேற வழியில்லம்மா."

"எடுக்க வேண்டாமுங்க."

"அம்மா..." என்று ஆரம்பித்தான் குமாரவேல்.

"நீ சும்மாரு. உனக்கு வெந்திருந்தாத் தெரியும்." நல்லம்மாள் முந்தானையை இழுத்துப் பொத்தானை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். "குளிரு வந்தா வந்துட்டுப் போகட்டும். இது என்ர ஒடம்புலயே இருக்கட்டும்."

"ஏம்புள்ள..." என்றார் ரத்தினசாமி. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், பிள்ளைகள் முன்னால் அவர் மனைவியை அப்படிக் கூப்பிட்டதில்லை. "நான் பண்ணுன தப்பு. அதுக்கு நீ போயிராத."

அவள் அவரைப் பார்க்கவில்லை. சாரதாமணியைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சாரதாமணி எழுந்து நின்றாள்.

"சொல்லிராதன்னு சொன்னேனே கண்ணு."

"சொல்லாம எப்பிடிங் அத்தை?"

"சரி, சொல்லிப்போட்டே." நல்லம்மாள் வலது கையைப் போர்வையிலிருந்து வெளியே எடுத்து நீட்டினாள். புறங்கையில் பழைய புண் ஆறி, தோல் பளபளவென்று இழுத்துக் கிடந்தது. கட்டைவிரல் பக்கம் புது வீக்கம். "இதுல ஒரே ஒரு நரம்பு, நல்லதா, நீயே தேடிக் குடு. நர்சம்மா வேண்டாம். நீ தேடு. இருந்தா எடுக்கச் சொல்லு, நான் சரிங்கறேன்."

குமாரவேல் அம்மாவை அதட்ட வாயெடுத்தான். டாக்டரம்மா கையைக் காட்டி அவனை நிறுத்தினார்.

சாரதாமணி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அத்தையின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் எப்படித் தடவினாள் என்று ஞாபகப்படுத்தி, இரண்டு விரலை மணிக்கட்டில் வைத்தாள். தோலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. அழுத்தினால் அமுங்கவில்லை. கயிறு. கொஞ்சம் மேலே நகர்ந்தாள். அங்கும் கயிறு. பக்கவாட்டில் போனாள். ஒன்றுமில்லை. மறுபடி மேலே.

மாமா அவள் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முழங்கை மடிப்புக்கு வந்தபோது நல்லம்மாள் கேட்டாள். "கெடச்சுதா?"

சாரதாமணி விரலை எடுக்காமல் அந்த மடிப்பிலேயே மறுபடி அழுத்தித் தேடினாள்.